சுவரில் ஒரு எடை, குப்பியில் ஒரு எடை

கத்தரீனாள்: அந்தக் கோட்டைத் தாண்டாதீக. கால் விரல் உள்ள வந்துருச்சு பாருங்க.

வேதமுத்து: ஏட்டி, விரல்தானே...

கத்தரீனாள்: விரலும் உங்களுதுதானே? பின்னாடி போங்க. கட்டன் சாயாவை அந்த ஸ்டூல்ல வச்சுட்டு நகருங்க. நான் வந்து எடுத்துக்கிடுதேன்.

வேதமுத்து: கல்யாணம் பண்ணி மொத தடவையா எம் பொண்டாட்டி என்னை வாசல்ல நிறுத்தி வச்சிருக்கா.

கத்தரீனாள்: மொத தடவை இல்ல. ஒரு கிறிஸ்மஸ் ராத்திரியும் நிறுத்தி வச்சேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அன்னைக்கு உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல.

வேதமுத்து: பிள்ளை இருக்கு...

சிஞ்சு: பிள்ளை கேட்டுட்டா. அம்மா, புளிப்பு மிட்டாய் தீர்ந்துருச்சா? எச்சில் ஊறிக்கிட்டே இருக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காங்க.

கத்தரீனாள்: ஊறுது, ஊறுது. கருவாடு நெனச்சாலே ஊறுது. நீ இங்கன வா, உங்கிட்டத்தான் ஒண்ணு கேக்கணும். கோட்டுக்கு அங்கிட்டே நில்லு.

சிஞ்சு: கோடு போட்டதே நான்தான்.

கத்தரீனாள்: இந்தச் சுவத்துல கட்டம் கட்டமா ஒரு சார்ட்டு ஒட்டியிருக்குல்ல...

சிஞ்சு: பீரியாடிக் டேபிளா?

கத்தரீனாள்: என்னவோ. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து எனக்கு அதுதான் டிவி. சன்னல்ல பாத்தா பக்கத்து வீட்டு இருதயம்மா கோழி மட்டும்தான் வருது. அதான் சார்ட்டை வாசிச்சேன்.

வேதமுத்து: ரெஸ்ட் எடுடின்னு அறைக்குள்ள விட்டா, வாசிச்சாளாம்!

கத்தரீனாள்: நான் குடிச்ச மருந்து அயோடின்தானே?

சிஞ்சு: ஆமா.

கத்தரீனாள்: இதுல அம்பத்திமூணாவது கட்டம். ஐ-ன்னு போட்டு அடியில 126.9ன்னு இருக்கு. அது என்ன கணக்கு?

சிஞ்சு: அணு எடைம்மா. அயோடின் எவ்வளவு கனம்ங்கிறது.

கத்தரீனாள்: ஆஸ்பத்திரியில ஈயக் குடுவைக்குள்ள ஒரு குப்பியை வச்சு, நீட்டுக் குழாய் போட்டு உறிஞ்சச் சொன்னாகள்ல... அதுல ஐ-131ன்னு எழுதியிருந்துச்சு. நான் பாத்தேன்.

வேதமுத்து: பழைய சார்ட்டா இருக்கும். இப்ப எல்லாந்தான் கூடிப் போச்சே, இதுவும் கூடியிருக்கும்.

சிஞ்சு: அப்பா, அது தக்காளி இல்ல.

கத்தரீனாள்: இவரைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லு. நான் பக்கத்துக் கட்டத்தைப் பாத்தேன். எக்ஸ், ஈ. அதுக்கு எடை 131.3.

சிஞ்சு: செனான்.

கத்தரீனாள்: அதைப் பாத்ததுல இருந்து எனக்கு உறக்கம் இல்ல. அயோடினுக்குப் பதிலா பக்கத்துக் கட்டத்துல இருக்குறதைக் குடுத்துட்டாகளோ?

சிஞ்சு: ஐயோ அம்மா...

கத்தரீனாள்: சிரிக்காதட்டி. சீரக டப்பாவும் சோம்பு டப்பாவும் பக்கத்துல இருந்தா, அவசரத்துல நீ மாத்தி எடுக்கலியா? மீன் கொழம்புல சோம்பு போட்டது யாரு?

சிஞ்சு: அது ஒரே ஒரு தடவை.

கத்தரீனாள்: அவங்களுக்கும் ஒரே ஒரு தடவையா இருக்கலாம்ல? தப்பான மருந்துன்னா இது போகுமா, போகாதா? எனக்கு அது தெரியணும்.

வேதமுத்து: சிஞ்சு, அடுக்களைக்கு வா. பால் பொங்குது.

சிஞ்சு: நாம இன்னைக்குப் பாலே வாங்கலியேப்பா.

வேதமுத்து: வான்னா வா... கதவைச் சாத்து. மெதுவாப் பேசு. உங்கம்மா எங்க வந்து நிக்கிறா பாத்தியா? அந்தச் சார்ட்டை எவன் அந்த அறையில ஒட்டச் சொன்னது?

சிஞ்சு: நீங்கதான் ஒட்டுனீங்க. 'எம் மக டாக்டராகப் போறா'ன்னு மேல் லயத்து வரிசை வீடு வரைக்கும் சொல்லிட்டு வந்து ஒட்டுனீங்க.

வேதமுத்து: சரி, சரி. இப்ப இதுக்கு நீ விளக்கம் சொல்லப் போனா, 'எனக்கு எதுக்கு இப்பிடி ஒரு மருந்து'ன்னு அடுத்தது கேப்பா. கழுத்துல வெறும் கழலைன்னுதானே சொல்லி வச்சிருக்கோம்? கேன்சர்ங்கிற பேச்சு அவ காதுல விழுந்துச்சுன்னா... அவ தாங்க மாட்டா சிஞ்சு.

சிஞ்சு: இன்னும் எவ்வளவு நாளைக்குப்பா? அம்மாகிட்ட கழலை. லயத்துல அம்மை போட்டிருக்குன்னு சொல்லியாச்சு. இருதயம்மா அத்தை வேப்பிலையைக் கொண்டு வந்து வாசல்ல சொருகிட்டுப் போறாங்க. யாருகிட்ட எதைச் சொன்னோம்னு எனக்கே மறந்து போகுது.

வேதமுத்து: அந்த ஸ்கேன்ல வேற எங்கயும் பரவலன்னு ஒரு போன் வந்துரட்டும். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில இருந்து சிஸ்டர் இன்னைக்குக் கூப்பிடுதேன்னு சொல்லியிருக்காக. அதுக்கப்புறம் நானே சொல்லிருதேன்.

சிஞ்சு: பரவியிருந்துச்சுன்னா?

வேதமுத்து: வா, அவ காத்துக்கிட்டிருப்பா. பால் பொங்குது.

கத்தரீனாள்: என்ன, பொங்குன பாலைக் காணோம்?

வேதமுத்து: பூனை குடிச்சிருச்சு.

கத்தரீனாள்: கொதிக்கக் கொதிக்கவா?

சிஞ்சு: அம்மா, இங்க கேளு. மாத்தியெல்லாம் குடுக்கல. நீ குடிச்சது அயோடினேதான்.

கத்தரீனாள்: அப்ப அந்த எடை?

சிஞ்சு: கருத்தப்பாண்டி மாமா ஜீப்பு இருக்குல்ல? ஏலக்காட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போறது...

கத்தரீனாள்: அதுல ஒரு நாள் போயிட்டு ஒரு வாரம் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்.

சிஞ்சு: அதுல வழக்கமா ஏறுற ஆளை விட நாலு பேரு கூட ஏறுனா, அது வேற ஜீப்பு ஆயிருமா?

கத்தரீனாள்: ஜீப்பு எப்பிடி மாறும்? பாரந்தான் கூடும்.

சிஞ்சு: அவ்வளவுதான். சார்ட்டுல இருக்குறது தானாக் கிடைக்கிற அயோடின். கடல்ல, மீன்ல இருக்குமே, அது. நூத்தியிருபத்தேழுன்னு வச்சுக்க. உனக்குக் குடுத்தது மனுசங்க செஞ்ச அயோடின். உள்ள நாலு நியூட்ரான் கூடுதல். அதான் நூத்தி முப்பத்தொண்ணு.

கத்தரீனாள்: சார்ட்டுல புள்ளி ஒம்பதுன்னு இருக்கே?

சிஞ்சு: அந்த எடத்தை எங்க மிஸ்ஸே வேகமாத் தாண்டிப் போயிட்டாங்கம்மா.

கத்தரீனாள்: சரி, கூட ஏறுன நாலு பேரும் என்ன செய்வாக?

சிஞ்சு: ஒண்ணும் செய்ய மாட்டாங்க. வண்டியாலதான் தாங்க முடியாது. நிலையா நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். ஏதோ ஒரு நேரத்துல உள்ள இருக்குற ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறிரும். அப்பக் கதிர் தெறிக்கும். அந்தக் கதிருதான் மருந்து. அது எங்க மேல படக் கூடாதுன்னுதான் இந்தக் கோடு.

கத்தரீனாள்: மாறுன பிறகு?

சிஞ்சு: மாறுன பிறகு அது அயோடின் இல்ல.

கத்தரீனாள்: பின்ன?

சிஞ்சு: அது வந்து... செனான்.

கத்தரீனாள்: பாத்தியா! பக்கத்துக் கட்டம்! நான் சொல்லல?

சிஞ்சு: ஆமாம்மா. உள்ள போகும்போது அயோடின், முடியும்போது செனான். வெறும் வாயு. மூச்சோட மூச்சா வெளிய போயிரும்.

கத்தரீனாள்: அப்ப நான் மூச்சு விட்டா செனானா வருது?

சிஞ்சு: கண்ணுக்குத் தெரியாத அளவு.

வேதமுத்து: இத்தனை வருசமா அந்த வாயில இருந்து ஏச்சு மட்டுந்தான் வந்துச்சு.

கத்தரீனாள்: கோட்டைத் தாண்டி நான் வந்தேன்னா தெரியும். ஆனா சிஞ்சு... ஒரு சாதாக் கழலைக்கு எதுக்கு இப்பிடி ஆடுற வண்டியை உள்ள அனுப்புனாக? மேல் லயத்து லிபினோட அம்மாவுக்கும் கழலைதானே? அவளுக்கு மாத்திரை மட்டுந்தானே குடுத்தாக?

சிஞ்சு: அப்பா சொல்லுவாங்க.

வேதமுத்து: நானா? அது வந்து... அவளுது சாதாரணக் கழலை.

கத்தரீனாள்: என்னுது?

வேதமுத்து: உன்னுது... கொஞ்சம் மரியாதைப்பட்ட கழலை.

சிஞ்சு: அப்பா!

வேதமுத்து: ஸ்... போன் அடிக்குது. எர்ணாகுளம் நம்பரு.

சிஞ்சு: எடுங்கப்பா. வெளிய போயிப் பேசுங்க.

வேதமுத்து: வெளிய டவர் இல்ல. இந்த சன்னல்கிட்டத்தான்... ஹலோ? ஆமா சிஸ்டர், கத்தரீனாளோட வீட்டுக்காரர்தான்... கேக்குன்னுண்டு, பறஞ்ஞோ... சொல்லுங்க...

கத்தரீனாள்: யாருடி?

சிஞ்சு: கொஞ்சம் பேசாம இரும்மா.

வேதமுத்து: ம்... ம்... கழுத்துல மாத்திரமா?... வேற?... நெஞ்சுல?... எலும்புல?... சிஸ்டர், கோவிச்சுக்கிடாதீக, இன்னொருக்க சொல்லுங்க... ம்... கர்த்தாவே... செரி... செரி சிஸ்டர்...

கத்தரீனாள்: என்னங்க?

சிஞ்சு: அப்பா, அவங்க வச்சுட்டாங்க. நீங்க இன்னும் போனைக் காதுல வச்சிருக்கீங்க.

வேதமுத்து: இல்லையாம் சிஞ்சு. எங்கயும் இல்லையாம். ஆபரேஷன் போகக் கழுத்துல மிச்சம் ஒட்டியிருந்த எடத்துலதான் மருந்து போயிச் சேந்திருக்கு. வேற எங்கயும் ஒரு பொட்டு கூட இல்லையாம்.

கத்தரீனாள்: எலும்புலயும் இல்லைன்னு சொன்னாகளா?

வேதமுத்து: இல்லைன்னு ரெண்டு தடவை சொல்ல வச்சேன்.

கத்தரீனாள்: சேசுவே...

சிஞ்சு: அப்பா... அப்பா, அழாதீங்க.

வேதமுத்து: யாரு அழுதா?

கத்தரீனாள்: கோட்டுக்கு உள்ள வந்து நின்னு அழுதுக்கிட்டிருக்கீக. பின்னாடி போயி அழுங்க.

வேதமுத்து: கத்தரீனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். இனிச் சொல்லலாம். உனக்கு வந்தது கழலை இல்ல.

கத்தரீனாள்: ம்.

வேதமுத்து: கேன்சர். தைராய்டுல. ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. உனக்குத் தெரிஞ்சா நீ ஒடிஞ்சு போயிருவன்னு நான்தான் மறைச்சேன். சிஞ்சுவையும் மிரட்டி வச்சிருந்தேன். அவ பேர்ல ஒரு தப்பும் இல்ல. இனிமே பயமில்ல புள்ள. மாத்திரை, அப்பப்பப் போயி ஒரு செக்கப்பு, அவ்வளவுதான்... ஏட்டி? நான் சொல்லுறது கேக்குதா?

கத்தரீனாள்: கேக்குது.

வேதமுத்து: பின்ன என்ன இப்பிடி இருக்க? என்னை ஏசவாவது செய்யி.

சிஞ்சு: அம்மா... உனக்கு அதிர்ச்சியாவே இல்லியா?

கத்தரீனாள்: எதுக்கு அதிர்ச்சி? டாக்டர் மொதல்ல எங்கிட்டத்தான் சொன்னாரு. இவரு அப்ப மருந்துக் கடையில நின்னுக்கிட்டிருந்தாரு.

வேதமுத்து: என்னது?

கத்தரீனாள்: வீட்டுக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லணும்னாரு. தாராளமாச் சொல்லுங்க, ஆனா எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிராதீக டாக்டர்னு கேட்டுக்கிட்டேன்.

சிஞ்சு: அம்மா!

வேதமுத்து: அடிப் பாவி... இத்தனை நாளும் ஒரு வார்த்தை... ஏன்டி?

கத்தரீனாள்: எனக்குத் தெரியும்னு தெரிஞ்சிருந்தா எம் மடியில விழுந்து அழுதிருப்பீக. உங்களைத் தேத்துறதுக்கே எனக்கு நேரம் சரியாப் போயிருக்கும். மறைக்கணும்னு வந்துட்டா, எம் முன்னாடி சிரிச்சுக்கிட்டேதானே நீங்க நடமாடணும்? எனக்கு அந்த முகம் வேண்டியிருந்துச்சுங்க.