பதினான்காம் கட்டம்

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே போட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கத்திப் பேசிப் பழக்கமில்லை.

நான் சேர்ந்தபோது எங்கள் வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்தின் பொது ஃபோல்டர் சந்தைக்கடையாகக் கிடந்தது. ட்ரோன் வீடியோ, வானிலிருந்து எடுத்த படம் எல்லாவற்றையும் ஆளாளுக்குக் கொட்டி வைத்திருந்தார்கள். நான் கல்லூரியைப் பாதியில் விட்டு ஆறு வருடம் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். தனியாக உட்கார்ந்து அடுக்கத்தான் தெரியும். வரைபடத்தை நாற்பது கட்டங்களாகப் பிரித்தேன். கட்டத்தைத் தொட்டால் அந்த இடத்து வீடியோ திறக்கும். எல்லாப் பிரிவுக்கும் ஒரே இடம், ஒரே பெயர்.

அங்கேதான் சறுக்கினேன். எல்லாம் கைக்கெட்டியதும் என்னிடம் வர யாருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். “கதவச் சாத்துங்க.” ஐந்து நாளில் என்னிடம் பேசப்பட்டது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வாரம் ஒரு வீடியோவை இடம் மாற்றி வைத்தேன். படகுகளை அனுப்பும் அக்கா எழுந்து வருவார்.

“தம்பி, ஆத்தோர வீடியோ எங்கப்பா போச்சு? கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுத் தேடுறேன்.”

ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன்.

“நீ மட்டும் இல்லன்னா எங்க பொழப்பு நாறிடும்.”

“அவரு ஆளு இல்லக்கா, பீரோ. தட்டுனாத்தான் தொறக்கும்” என்பான் ட்ரோன் ஓட்டுபவன்.

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிடுவேன்.

முந்தாநாள் தண்ணீர் வந்தது. காலை பத்தே முக்காலுக்கு, தானாகப் பறக்கவிட்ட ட்ரோனிலிருந்து பதினான்காம் கட்டத்தின் வீடியோ நேராக என்னிடம் வந்தது. தகரக் கூரைமேல் மூன்று பேர். ஒருத்தி சிவப்புத் துணியை வீசிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு சின்னது. ட்ரோன் தாழ இறங்கியபோது அவள் நேராக என்னைப் பார்த்துக் கையாட்டினாள். அலுவலகத்தில் யாரும் எனக்குக் கையாட்டியதில்லை. நான்கு முறை பார்த்தேன்.

அவ்வளவு முக்கியமான வீடியோ என்றால் அக்கா நிச்சயம் எழுந்து வருவார் என்று கணக்குப் போட்டேன். மேகம் மறைத்ததால் ஒதுக்கிய படங்களைப் போடும் ஃபோல்டருக்குள் அதைத் தள்ளிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

அவர் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே ட்ரோன்காரனிடம் சொன்னார்.

“பதினாலு காலியா கெடக்கு. ஆள் இருந்தா தம்பி வச்சிருக்கும்ல. அது வேலைல ஒரு சொட்டு பிசகாது. படகப் பதினஞ்சுக்கு விடுறேன்.”

என் காதில் விழுந்தது. அவர் இருக்கைக்கும் என் இருக்கைக்கும் பதினோரு அடி. என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. தவிர, அவர் என்னிடம் கேட்கவும் இல்லை.

ஒரு மணிக்கு அடுத்த வீடியோ வந்தது. கூரை இல்லை, தண்ணீர்தான் இருந்தது. அதைச் சரியான பெயரில், சரியான கட்டத்தில், இரண்டே நிமிடத்தில் வைத்தேன். நேரம் பதிவாகியிருக்கும், பாருங்கள்.

கொன்றேன் என்று வாக்குமூலத்தில் எழுதுகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் எந்த வீடியோவையும் அழிக்கவில்லை. கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதுமில்லை.

நேற்று இரண்டு மணி நேரம் உட்கார்ந்தீர்கள். இன்று இதுவரை மூன்று. எதிரே உட்கார்ந்து என்னிடம் இவ்வளவு நேரம் பேசிய ஆள் நீங்கள்தான். தண்ணீர் இன்னும் வடியவில்லை என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள்.

இருபத்திரண்டாம் கட்டமும் முப்பத்தொன்றாம் கட்டமும்கூட அதே மாதிரி காலியாகத்தான் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அவசரமில்லை, நாளைக்கு வரும்போது கேளுங்கள்.