நடுக்கடலில் அண்ணா கிடையாது

சிறுசேரியில் ஏறிய ஒருவனும் ஒருத்தியும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஆபீஸ் சிநேகிதர்கள். அடுத்த வாரம் ஆறு சிங்கிள்கள் சேர்ந்து கப்பல் டூராம்.

"கப்பல் ஏறுனா உங்கள அண்ணான்னு கூப்ட மாட்டேன்," என்றாள் அவள்.

"ஏன், கரையில இன்னா கஷ்டம்?"

"அப்பா போன் பண்ணி, பக்கத்துல யாருன்னு கேப்பாரு. அண்ணான்னா கம்முனு வச்சிடுவாரு. நடுக்கடல்ல டவரு கெடையாது."

"உங்கப்பா மீன் புடிக்கிறவரு. திருவிடந்தையிலேந்து படக எடுத்துகினு வந்துடப் போறாரு."

அவள் சிரிக்கும்போதே போன் அடித்தது.

"பஸ்ல வந்துகினு கீறேன்பா. பக்கத்துலயா?" அவனைப் பார்த்தாள். "தினேஷ்பா. கூட வேலை செய்றாரு... அண்ணன்லாம் இல்லப்பா."

"படூர் எறங்கு!" என்றார் கண்டக்டர். பையை மாட்டிக்கொண்டு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான்.

"அண்ணா, திருவிடந்தை ஒண்ணு குடுங்க."