பெல்ட்ட விக்கல சார்

விக்கல, சூப்பர்வைசர் சார். அதச் சொல்லத்தான் இம்புட்டு மேடு ஏறி வந்தேன். நான் கபிரியேலுக்குப் பொஞ்சாதி, பிலோமி. கீழ எஸ்டேட்டு லயத்துல இருக்கோம். நேத்து ஜீப்புல எஞ்சினீயரு வந்தப்ப, கரண்டு டவரு மேல இடுப்புப் பெல்ட்டு இல்லாம நிக்கான்னு எங்க வீட்டுக்காரவுகள எறக்கி விட்டீகளாமே. பெல்ட்டத் தேவிகுளத்துல வித்துத் தின்னுட்டான்னு எல்லாரு முன்னாடியும் சொன்னீகளாமே. இந்தா, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. விக்கல.

இருங்க, தாரேன். ஏன் பிடுங்குதீக? மஞ்சு இன்னும் டவர மூடிக்கிட்டுத்தான் கெடக்கு. ஆளுக எல்லாம் அந்தத் தகரக் கொட்டகையில கட்டஞ்சாயா குடிச்சிட்டு இருக்காக. மஞ்சு விலகாம யாரும் ஏற முடியாதுல்ல, அது வரைக்கும் நான் சொல்லுததக் கேளுங்க. ஒங்க கிட்டச் சொல்லணும்னே இன்னைக்குக் கொழுந்து எடுக்கப் போகாம வந்திருக்கேன்.

இடுப்புல இருக்க பாப்பாவுக்கா? விழுந்துட்டா சார், நெத்தி வீங்கியிருக்கு. அத அப்புறம் சொல்லுதேன்.

இந்தப் பெல்ட்டுக்காக அவுக கூட நான் போட்ட சண்டை ஒங்களுக்குத் தெரியாது. சித்திரையில அப்புசாமி அண்ணன் டவருலருந்து விழுந்து செத்தாருல்ல, வடகரப்பதிக்காரரு. லாரியில அவர ஊருக்குக் கொண்டுபோன பெறவுதான காண்ட்ராக்டரு ஒரு கட்டு பெல்ட்டு வாங்கிப் போட்டாரு. இத மாட்டாம ஏறுனா வீட்டுல சோறு கெடையாதுன்னு நான் அன்னைக்கே சொல்லிட்டேன். சரி சரிம்பாக. இங்க வந்தா அமிர்தநாதன் ஒரு ஆளு போதும், கன்னுக்குட்டிய மொளையில கட்டியிருக்குடான்னு சிரிக்கதுக்கு. ஒடனே கழட்டிருவாக. கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்தாலும் உச்சி தெரியல, அங்க போயி பயமில்லாம நிக்க ஆம்பளைக்கு, ஒருத்தன் சிரிப்பத் தாங்க முடியல சார். என்னத்தச் சொல்ல.

நீங்களும் லேசுப்பட்டவுக இல்ல. கோவிச்சுக்கிடாதீக. ஒவ்வொரு கம்பியிலயும் கொக்கிய மாட்டி, அவுத்து, அடுத்த கம்பியில மாட்டி ஏறுனா நேரம் ஆகத்தான் செய்யும். என்னடா ஊருதன்னு கீழ நின்னு கத்துறது யாரு, நீங்கதான? இடுக்கி அணைக் கரண்டு சீக்கிரம் ஓடணும், மேல இருந்து அவசரப்படுத்துதாகன்னு சொல்லுதீக. அந்த அவசரத்துல பெல்ட்டு ஒங்களுக்கு ஞாபகம் வராது. ஜீப்புச் சத்தம் கேட்டாத்தான் வரும். எல்லாருமாச் சேந்து ஒரு மனுசன மேல ஏத்தி விட்டுட்டு, கேட்டா ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுதீக. எனக்கு வாரது எரிச்சலா அழுகையான்னே தெரியல.

போன மாசம், என் வாயி அடங்கட்டும்னு பெல்ட்ட வீட்டுக்கே கொண்டாந்துட்டாக. இனி இங்கருந்தே கட்டிட்டுப் போறேன், நீயே பாத்துக்கன்னாக. நானும் மாதா கண்ணத் தொறந்துட்டான்னு நம்புனேன். மறுநாளு வேலை முடிஞ்சு வந்து பாக்கேன், லயத்து உத்தரத்துல அந்தப் பெல்ட்டச் சுத்தி, அதோட கொக்கியில என் சேலைய முடிஞ்சு, பாப்பாவுக்குத் தொட்டில் கட்டியிருக்காக. பழைய கயிறு நைஞ்சு போச்சாம். தடி ஆளையே தாங்குறது பச்சப்புள்ளையத் தாங்காதான்னு எங்கிட்டயே கேக்காக.

நீங்க சிரிப்பீகன்னு தெரியும். எனக்குச் சிரிப்பு வரல. கயிறு வாங்கிட்டு வாங்க, அவுத்துத் தாரேன்னு தெனமும் சொன்னேன். இன்னைக்கு நாளைக்குன்னே போச்சு. தொட்டில்ல ஆடிச்சு பெல்ட்டு, அங்க வெறும் இடுப்போட நின்னாக அவுக. அப்படி நிக்கையிலதான் நேத்து ஒங்க கண்ணுல பட்டாக.

பெல்ட்டோட வந்தா வேலை, இல்லன்னா வீட்டுக்குப் போன்னு நீங்க சொன்னதும் பயந்துட்டாக. காலையில இதக் கட்டிக்கிட்டு ஏறப் போறேன்னு கெளம்புனவுகள மறிச்சு, நாந்தான் பிடுங்கிட்டு வந்தேன். அதோ, கொட்டகை ஓரத்துல நிக்காக பாருங்க. வாயத் தொறக்காதன்னு எனக்குக் கண்ணக் காட்டுதாக. தொட்டில் கதையக் கேட்டா அமிர்தநாதன் ஆயுசுக்கும் சிரிப்பானாம். அதோட, காண்ட்ராக்டரு பொருளப் பாழாக்கிட்டான்னு நீங்க சீட்டக் கிழிச்சிருவீகளாம்.

இந்தாங்க, பிடிங்க. வளையம் தச்சிருக்க எடத்துல கம்பி சுத்தியிருக்கு பாருங்க. அது கம்பெனிக் கம்பி இல்ல, நேத்து ராத்திரி அவுக சுத்துனது. அவுருங்க. இன்னும் ரெண்டு சுத்து இருக்கு.

அந்தத் தோல விரலால தேச்சுப் பாருங்க சார். மாவாட்டம் உதிருதா? மேல எண்ணெய் போட்டுப் பளபளன்னுதான் இருக்கு. மழைக்காலம் முழுக்க ஒங்க இந்த ஸ்டோருத் தகரம் ஒழுகுச்சுல்ல, அந்தச் செவத்துலதான இந்தக் கட்டு மொத்தமும் தொங்குச்சு?

பாப்பா விழுந்ததச் சொல்லுதேன்னேனே. நேத்துச் சாயங்காலம் தொட்டில்ல போட்டேன். ஆட்டக்கூட இல்ல. சும்மா ஒருச்சாஞ்சு படுத்தா. வளையம் தையலோட அத்துக்கிட்டு வந்துருச்சு. கீழ சாக்கு விரிச்சிருந்ததால நெத்தியோட போச்சு.

மஞ்சு விலகுது. நேத்து நீங்க போட்ட சத்தத்துக்கு இன்னைக்கு எல்லாரும் பெல்ட்டு கட்டுவாக, அமிர்தநாதன் கூடக் கட்டுவான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. பெல்ட்டு இல்லன்னா ஒரு கையாவது கம்பியப் பிடிச்சிருக்கும். இருந்தா, அது தாங்கும்னு நம்பி, பின்னால சாஞ்சு, ரெண்டு கையவும் விட்டுட்டு வேலை செய்வாகளாம். அவுகதான் சொன்னாக.

மத்த பெல்ட்டெல்லாம் ஒங்க பின்னாலதான தொங்குது? ஏதாவது ஒண்ண எடுத்து இந்த ஸ்டோரு உத்தரத்துல மாட்டிட்டு, நீங்க செத்த நேரம் அதுல தொங்குங்க சார். தாங்குச்சுன்னா, அவுக இடுப்புல நானே கட்டி விடுதேன்.