கடைசியில் வருபவர் எழுத வேண்டும்

ஜூலை மாதத்தில் டூசானில் கார் ஓட்டுகிறவர்கள் அடுப்படிக் கையுறை ஒன்றைக் காரிலேயே வைத்திருப்பது நல்லது. இந்தப் பாலைவன வெயிலில் வெறுங்கையால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, தம்பி. என் கையுறையில் கோழிக்குஞ்சுப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் லோவெல் மலையடிவாரம் வரை சிரித்துக்கொண்டே வருவார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பேச்சிலும் நடையிலும் நான் கொஞ்சம் நிதானம்.

லோவெல் என் பக்கத்து வீட்டுக்காரர். மனைவி போனபின் தனியாக இருந்தார். எங்கள் நடைக் குழுவை நடத்தியவரும் அவர்தான். கோடையில் ஊர் நூற்றுப் பத்து டிகிரியில் கொதிக்கும்போது சனிக்கிழமைதோறும் மலைக்குப் போய்விடுவோம். மேலே பைன் மரங்களுக்கு நடுவே முப்பது டிகிரி குறைவு. குழுவில் பாதிப்பேர் வெயிலுக்குப் பயந்து வடக்கே ஓடிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். அந்தச் சனிக்கிழமை நாங்கள் இரண்டே பேர், என் காரில் போனோம்.

லோவெல் வேகமாக ஏறிப் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். வேர்த்து விறுவிறுத்து நான் வந்து சேர்ந்ததும் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொள்வார்.

“வந்துட்டியா ஆமையம்மா? அப்ப கெளம்பலாமா?”

அவருக்குப் பதினைந்து நிமிட ஓய்வு. எனக்கு ஒன்றுமில்லை. பதினோரு வருடம் இப்படித்தான். அந்தக் ‘கெளம்பலாமா’வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றபடி நல்ல மனிதர். என் வீட்டுக் கூரைமேல் குளிரூட்டி நின்றுபோனால் ஏணி போட்டு ஏறுபவர் அவர்தான்.

பாதை தொடங்கும் இடத்தில் மரப்பெட்டிக்குள் ஒரு பதிவேடு இருக்கிறது, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். போகும்போது பெயரும் நேரமும் எழுத வேண்டும், திரும்பியதும் பெயருக்கு எதிரே திரும்பி வந்த நேரம். எதிரே காலியாக இருந்தால் சாயங்காலம் தேட ஆள் வரும். கடைசியில் வருபவர்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுத வேண்டும் என்பது எங்கள் குழுவுக்கு லோவெல் போட்ட சட்டம். கடைசியில் வருவது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மூன்றாவது மரத்தடி. நான் போனதும் எழுந்துவிட்டார்.

“ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துக்கிறேனே.”

“மேகம் கட்டுது பாரு வெர்னா. நீ உக்காந்தா இடி உக்காருமா?”

சிரித்துக்கொண்டே திரும்பிப் பத்தடி நடந்தார். சரளைக்கல் சறுக்கி, பாதைக்குக் கீழே இருபதடி ஆழத்தில் போய் விழுந்தார். அதில் என் கை எதுவும் இல்லை. எட்டிப் பார்த்தேன். ஒரு கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

“கால் போச்சு வெர்னா. போனும் இங்க எடுக்கல. கீழ போய் ஆளக் கூட்டிட்டு வா.”

“சரி.”

“இன்னைக்காச்சும் கொஞ்சம் வேகமா நட தாயி.”

அந்த வலியிலும் கிண்டல் போகவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

அவர் எழுந்துபோன மரக்கட்டை இன்னும் சூடாக இருந்தது. அதில் உட்கார்ந்தேன். பதறாத காரியம் சிதறாது அல்லவா? பையிலிருந்த பீச் பழத்தை மெதுவாகத் தின்றேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக நான் உட்கார்ந்திருக்க, அவர் காத்திருந்தார். “வெர்னா, போயிட்டியா?” என்று நாலைந்து தடவை கேட்டார். பேசினால் மூச்சு வாங்கும் என்று சும்மா இருந்தேன். முக்கால் மணி நேரம் நல்ல ஓய்வு.

பிறகு இறங்கினேன். பதிவேட்டில் எங்கள் பெயர்கள் இரண்டுக்கும் எதிரே காலி. சட்டம் சட்டம்தானே? என் பெயருக்கு எதிரே இரண்டு பத்து என்று எழுதினேன். அவர் பெயருக்கு எதிரே இரண்டு மணி. இறங்கும்போது எப்போதும் அவர்தான் பத்து நிமிடம் முன்னால் வருவார்.

மழை பிடித்துக்கொண்டது. மலைக் கிராமத்துக் கடையில் ஆப்பிள் பை சாப்பிட்டுவிட்டு வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ட்ரூடி அப்பாவைக் காணோம் என்று போலீஸுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் பதிவேட்டைப் பார்த்தீர்கள். அவருடைய வண்டியும் வீட்டு வாசலிலேயே நின்றது. அதனால் ஊருக்குள் தேடினீர்கள். அந்த வெயிலில் உங்கள் ஆட்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தது யார் என்று நினைவிருக்கும். “அவர் உங்களோட எறங்கினாரா?” என்று கேட்டீர்கள். “எனக்கு முன்னாடியே” என்றேன்.

செவ்வாய்க்கிழமை மலையேற வந்த யாரோ அவரைப் பார்த்தார்கள். இரண்டு ராத்திரி உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். கேட்டபோது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கையெழுத்து என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆள் அனுப்ப மறுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், தம்பி. அனுப்புவதாகத்தான் இருந்தேன். திங்கட்கிழமைகூட அதைப் பற்றி யோசித்தேன். நான் எதையும் மெதுவாகச் செய்பவள் என்பது லோவெலுக்கே தெரியும்.