கடைசியா வர்றவங்களுக்கு அப்பா

மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க. பண்ணுங்கன்னு சொல்றேன்ல. இப்பதான் ஓடி முடிச்சேன், மூச்சு வாங்குது, ஆனா சண்டை போடற அளவுக்கு மிச்சம் இருக்கு.

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து இந்தப் பட்டினப்பாக்கம் வரைக்கும் என் பின்னாடியே வந்திருக்கீங்க. தற்செயலா? சரி. அடையாறு பாலத்துல நான் மெதுவானப்ப நீங்களும் மெதுவானீங்க, அதுவும் தற்செயல். அபிராமபுரத்துல வேணும்னேதான் ஒரே தெருவ ரெண்டு தடவ சுத்தினேன். நீங்களும் சுத்தினீங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஒரே தெருவுல ரெண்டு தடவ யாருக்குங்க வேல இருக்கும்? பேப்பர் போடறவருக்கே ஒரு தடவதான்.

கத்த மாட்டேன், பயப்படாதீங்க. அந்த மீன் கடை அக்காங்க ஏற்கனவே இன்னா பிரச்சனன்னு இங்கயே பாத்துக்கினு இருக்காங்க. நான் ஒரு வார்த்த சொன்னா போதும். அதனால ஒழுங்கா பதில் சொல்லுங்க. போன்ல என்ன எடுத்தீங்க? வீடியோவா? யாருக்கு?

டெரிக்கா? எந்த டெரிக்?

ஓ. எங்க டெரிக்.

இருங்க, நான் உக்காந்துக்கறேன். நீங்கதான் நதீமா? அண்ணனோட காலேஜ் ஃப்ரெண்ட். எங்க வீட்ல வந்து சாப்பிட்டிருக்கீங்களா? இருக்கலாம், அப்ப எனக்கு எட்டு வயசு. தங்கச்சின்னு மட்டும் கூப்பிடாதீங்க. தங்கச்சிய யாரும் ஸ்கூட்டர்ல வந்து வேவு பாக்க மாட்டாங்க.

என்ன சொல்லி அனுப்பினான்? ஜொவிட்டா ஓட மாட்டா, போன யார் வண்டிலயாவது குடுத்து அனுப்பிடுவா, கூடவே போய்ப் பாரு மச்சி. அதானே? எதுக்குன்னு சொன்னானா? சும்மா ஜாலிக்கு ஃபேமிலி ரேஸா. ஜாலிதான். கேளுங்க.

வருஷா வருஷம் நடக்கும். அவங்கவங்க ஊர்ல அவங்கவங்க தனியா பத்து கிலோமீட்டர் ஓடணும். அண்ணன் டொரான்டோல, ஈவ்லின் அக்கா துபாய்ல, அண்ணனோட ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் எங்கெங்கயோ, நான் இங்க. ஆப் தூரத்தயும் நேரத்தயும் அளந்துக்கும், அத ஃபேமிலி குரூப்ல போடணும். ஜெயிச்சவங்களுக்குக் கைதட்டற படம் நாலு வரும். போன மாசம் வரைக்கும் அவ்வளவுதான்.

போன மாசம் எனக்கு ஹைதராபாத்ல பிஎச்.டி. சீட் கெடச்சுது. அம்மா இல்ல. சாந்தோம் வீட்ல அப்பாவும் நானும்தான். இனிமே அப்பாவ யாரு பாத்துக்கறதுன்னு குரூப்ல கேட்டேன். ரெண்டு நாள் யாரும் பேசல, நீல டிக் மட்டும். மூணாம் நாள் உங்க ஃப்ரெண்ட் எழுதறான்: இந்த வருஷ ரேஸ்ல நம்ம மூணு பேர்ல கடைசியா வர்றவங்களுக்கு அப்பா. பக்கத்துல, சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வர்ற மூஞ்சி ரெண்டு. அக்கா டீல்னு போட்டா.

நான் ஏன் ஒத்துக்கிட்டேனா? நல்ல கேள்வி. ஸ்கூல்லேர்ந்து டிபேட்ல பேசறவ நான். மனுஷன பந்தயத்துல வெக்கறது எவ்வளவு கேவலம்னு ஒரு பக்கத்துக்கு எழுதினேன். தோத்துடுவோம்னு பயமான்னு ஒரு வரில பதில் போட்டான். நானும் டீல்னு போட்டுட்டேன். அதுல என் தப்பும் இருக்கு, இல்லன்னு சொல்லல.

ஆனா மூணு பேரும் ஒன்ன மறந்துட்டோம். அந்த குரூப்ல அப்பாவும் இருக்காரு. தெனம் காலைல ஒரு பைபிள் வசனம் போடுவாரு, ரோஜாப்பூ படத்தோட. அத யாரும் தொறக்கறதுகூட இல்ல, அப்புறம் அவர் இருக்காருன்னு எங்க ஞாபகம் வரும்? நாங்க டீல் போட்ட மறுநாளும் வழக்கம்போல வசனம் வந்துச்சு. அன்னிக்கு தோசை சாப்பிட்டுக்கிட்டே என்னக் கேட்டாரு, ஏம்மா, பத்து கிலோமீட்டர் ஓட உனக்கு எத்தன நிமிஷம் ஆகும்?

ஆமாங்க. அவ்வளவுதான் கேட்டாரு.

இந்தாங்க, பாருங்க. அம்பத்தெட்டு நிமிஷம், பன்னெண்டு செகண்ட். அக்கா ஒரு மணி அஞ்சு. உங்க டெரிக் ஒரு மணி எட்டு, நான் ஷூ மாட்டறப்பதான் போட்டான். இப்ப அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. உன் தங்கச்சி சொந்தக் கால்லதான் ஓடினா, மொதல்லேர்ந்து கடைசி வரைக்கும் என் கண்ணால பாத்தேன்னு. சும்மா முணுமுணுக்காதீங்க, தெளிவா. ம். போச்சா? சரி.

அவன் எப்ப வந்து கூட்டிட்டுப் போவானா? அவனா? லீவு இல்லன்னுவான், குளிருன்னுவான், வீட்ல படி ஜாஸ்தின்னுவான். போன வருஷம் அவன் பையன் ஞானஸ்நானத்துக்குன்னு அப்பாவுக்கு விசா எடுத்தோம், கடைசி நிமிஷத்துல எடம் பத்தாதுன்னு நிறுத்திட்டான். அந்த விசா இன்னும் செல்லும்.

அதான். விடியக்காலைல நாலு மணி ஃப்ளைட்ல அப்பா டொரான்டோவுக்குக் கெளம்பிட்டாரு. ஆமா, நான் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. டிக்கெட்டும் அவரே எடுத்தாரு, பெட்டியும் அவரே கட்டினாரு. நான் விடுவேனா, சண்டை போட்டேன். விடியற வரைக்கும் பொறுங்கப்பா, நான் ஜெயிச்சுக் காட்டறேன், அப்புறம் அவனே வந்து கூட்டிட்டுப் போகட்டும்னேன். உன் ரேஸ நீ உனக்காக ஓடு, என்னை வெச்சு யாரும் ஓட வேணாம்னாரு.

தாராளமா சொல்லுங்க அவன்கிட்ட. நடுவானத்துல இருக்கறவர எறக்கவா முடியும்?

அங்க ஏர்போர்ட்லேர்ந்து ஒரு டாக்ஸி மட்டும் நான் சொல்லி வெச்சிருக்கேன். இங்க ஏர்போர்ட்டுக்குள்ள போறப்ப ஒரே ஒரு சந்தேகம் கேட்டாரு, பெல் அடிச்சும் அவன் தொறக்கலன்னா என்னம்மா பண்றதுன்னு.

திரும்ப அடிங்கப்பான்னேன்.