ஒரு மீற்றர் சதுரம்

ஒரு மீற்றர் சதுரத்துக்குள் எத்தனை வகை எறும்பு இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் இரண்டு என்பார்கள். கல்லடியில் எங்கள் வளவின் வாவிப்பக்க மூலையில் ஐந்து வகை இருந்தன. உங்கள் பொலிஸ் நிலையத்துச் சுவரிலேயே மூன்று வகை ஊர்கின்றன, இன்ஸ்பெக்டர் ஐயா. வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பார்த்தது.

என் பெயர் மத்தேயு. தரம் ஆறுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நாலு தடி ஊன்றி, கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருப்பதை இரண்டு பத்தியாக எழுத வேண்டும். ஒன்று உயிருள்ளவை, மற்றது உயிரற்றவை. பிள்ளைகள் ஒரு கிழமையில் மறந்துவிடுவார்கள். நான் வளவு மூலையில் அதேபோல ஒன்று அடைத்துப் பதினொரு வருடம் ஒரு கொப்பியில் எழுதினேன். விதுர்ஷா என்ற பிள்ளை ஒருமுறை, "சேர், காய்ஞ்ச இலை எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். நேற்றுவரை உயிரோடு இருந்தது என்பதற்காக முதற்பத்தியில் வைத்திருக்க முடியாது என்றேன். பெயரைச் சரியாக எழுது, எதையும் கையால் தொடாதே. நான் படிப்பிப்பது அவ்வளவுதான்.

வளவு என்னுடையதில்லை. எங்கள் பக்கம் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். என் தங்கச்சி மக்டலினுக்குப் போயிற்று. நான் கல்யாணம் கட்டவில்லை, பின்னறையில் இருக்கிறேன். அவள் புருஷன் மேர்வின் ஓட்டோ ஓடுகிறவர். நல்ல மனிதர். யாருக்காவது பிரசவ வலி என்றால் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு ஓடுவார். என்னைப் பகிடி பண்ணுவார்.

"என்ன மச்சான், எறும்புக்கு இடாப்புக் கூப்பிடுறீங்களோ? இண்டைக்கு ஆராரு லீவு?"

நானும் சிரிப்பேன்.

மாசி மாதம் அந்த மூலைக்குக் கொங்கிறீட் போடப்போவதாகச் சொன்னார். "மழையில நனைஞ்சு வண்டி கறள் புடிக்கிது மச்சான். உங்கட எறும்புகள அங்கால தென்னமரத்தடிக்கு மாத்தி உடுவமே." எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கவில்லை, சொல்லவுமில்லை. அடுத்தவர் வளவில் இருக்கிறவன் என்னத்தைச் சொல்ல?

அதற்கு ஒன்பது நாள் முன்புதான் சதுரத்துக்குள் கிடந்த உடைந்த ஓடுகளின் கீழ் ஒரு புடையன் பாம்பு, கடித்தால் ஆளைக் கொல்லும் விரியன் சாதி, வந்து சேர்ந்திருந்தது. பதினொரு வருடத்தில் அவ்வளவு பெரிய உயிர் வந்ததில்லை. சந்தோஷத்தில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் சொன்னால் அடித்துப்போடுவார்கள். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மேர்வின் மண்வெட்டியோடு வந்தார். முதலில் தடிகளைப் பிடுங்கினார். கயிற்றை அழகாகச் சுற்றி என் கையில் தந்தார். "இந்தாங்க மச்சான், ஒண்டும் பழுதாகல்ல." பிறகு குந்தியிருந்து ஓடுகளைக் கையால் எடுத்தார். நான் கதிரையில் கொப்பியோடு இருந்தேன். கையில் கடிபட்டு அவர் கத்தியபோது மணி 9.42.

"புடையனோ மச்சான்? வட்டம் வட்டமா இரிந்திச்சி."

என் முகத்தைத்தான் பார்த்தார். யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், நான்தானே படித்தவன்.

"இல்ல மேர்வின், வெங்கிணாந்திக் குட்டி. விசமில்ல," என்றேன்.

வெங்கிணாந்தி என்பது மலைப்பாம்பு. அதன் குட்டிக்கும் புடையனுக்கும் தோலில் ஏறக்குறைய ஒரே வட்டங்கள். ஊரில் பலர் மாறி நினைத்து உயிரை விட்டிருக்கிறார்கள். எனக்கு அது மாறாது.

"மாதாவே, நான் பயந்திட்டன்," என்று அவர் சிரித்தார்.

மக்டலின் ஓடி வந்தாள். "அண்ணா, எதுக்கும் ஒருக்கா ஆஸ்பத்திரில காட்டினா என்ன?" ஓட்டோ வாசலில் நின்றது. பாலம் தாண்டினால் ஆஸ்பத்திரி, பதினைந்து நிமிடம். தேவையில்லை என்றேன். பதினொரு மணிக்கு வீக்கம் முழங்கைக்கு ஏறியபோது மறுபடி கேட்டாள். ஒரு மணிக்கு எச்சிலில் இரத்தம் வந்தபோதும் கேட்டாள். வெங்கிணாந்தி கடித்தாலும் பல் ஆழமாக இறங்கினால் வீங்கும், பல் முரசு பழுதென்றால் இரத்தம் வரும் என்றேன். வீக்கத்தை அரைமணிக்கு ஒருதரம் அளந்து எழுதினேன். சதுரத்துக்கு வெளியே நடந்தபடியால் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன்.

பக்கத்து வீட்டு உதயரூபன் வந்து அவரைத் தூக்கி ஓட்டோவில் போட்டபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. மற்ற நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போய்விட்டது. அவருடைய இடதுகால் செருப்பு சதுரத்துக்குள்ளேயே கிடந்தது. அதை இரண்டாம் பத்தியில் சேர்த்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு மக்டலின் பின்னறையைக் கூட்டும்போது கொப்பியைப் பார்த்திருக்கிறாள். கத்தவில்லை. "நான் மூண்டுதரம் கேட்டனே அண்ணா," என்றாள். அதை உங்களிடம் கொண்டுவந்து தந்தவளும் அவள்தான். 9.42க்கு நேரே "புடையன், மூன்றடி அளவு" என்று இருப்பது என் கையெழுத்து. எழுதி முடித்த கையோடுதான் அவருக்கு மற்றப் பெயரைச் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிழைப்பார், போகாவிட்டால் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கொப்பியிலும் வெங்கிணாந்தி என்று எழுதியிருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீர்கள். கை வரவில்லை. பதினொரு வருடத்தில் அதில் ஒரு பொய் கிடையாது.

இன்னொன்றையும் சேருங்கள். செத்தவீட்டுக்கு வந்த ஆட்கள் ஓடுகளைப் புரட்டி, அந்தப் புடையனை அடித்துக் கொன்று வேலியில் போட்டிருந்தார்கள். ஒரு பாவமும் அறியாத உயிர், ஐயா. அவர்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.