தறி நின்ற ஐந்து நிமிடம்

ஆரணியிலிருந்து வந்தவாசி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் கேட்டாள்:

"சென்னையில அவ்ளோ நல்ல வூட்ட வுட்டுட்டு, இந்த வெயில்லயும் பவர்லூம் சத்தத்துலயும் ஏன்க்கா திரும்பி வந்தீங்க?"

"அந்தச் சத்தத்துக்காகத்தான் வந்தோம். அங்க புருஷன் பொண்டாட்டி நிம்மதியா ஒரு சண்ட போட முடியல. எதிர் ஃப்ளாட்டுக்காரரு சமாதானம் பேச வந்துடுறாரு. இங்க தறி ஓடிகினு இருக்கும், நாங்க கத்திகினு இருப்போம். யாரு காதுலயும் வுழாது."

"கரண்டு போனா?"

"நேத்து மத்தியானம் போச்சி. எல்லாத் தறியும் ஒண்ணா நின்னுச்சி. பாத்தா, தெருவுல அத்தினி வூட்லயும் சண்ட!"

"ஐயையோ, அப்புறம்?"

"அஞ்சு நிமிஷம் தெருவே கப்சிப்னு உக்காந்துகினு இருந்துச்சி. கரண்டு வந்ததும் அவங்கவங்க வுட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிச்சோம்."